குலேந்திரன் கூட்டி வந்த பயிற்சியாளர்

கதவைத் தட்டுவதற்கு முன்பே குலேந்திரன் தலையை நன்றாக அண்ணாந்து வைத்துக்கொண்டார். திறக்கப்போகிறவரின் முகம் அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் உள்ள அந்தக் கட்டடத்தின் படிகளைக் கழுவுவது குலேந்திரன்தான். மூன்றாம் மாடி லித்துவேனியாக்காரர் ரிமாஸ், ஒவ்வொரு நிலைக்கும் குனிந்து குனிந்து இறங்கிப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

கையில் சூடான மீன் கட்லட். நெஞ்சில் நேற்றுத் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் விட்ட சவால்.

நேற்று நடந்தது இதுதான். பலெர்மோவில் ஆண்டுதோறும் நடக்கும் கூடைப்பந்துப் போட்டியில் தமிழ்ப் பெண்கள் அணி பிலிப்பைன்ஸ் பெண்களிடம் தோற்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டிருந்தது. சங்கத் தலைவர் கொட்வின் எழுந்து, "இந்த முறையும் தோத்தா பிள்ளையள் விளையாடுற இடத்தை ஆம்பிளையளின்ரை கிரிக்கெட்டுக்குக் குடுக்கிறது. அவ்வளவுதான் கதை," என்றார்.

அணித் தலைவி றம்யா, குலேந்திரனின் மகள். பின்வரிசையில் இருந்த அவளுடைய முகம் சுருங்கியதைப் பார்த்ததும் தகப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த முறை தோக்க மாட்டினம்!" என்று எழும்பினார். "லித்துவேனியா தேசிய அணியிலை விளையாடின ஆள் வந்து பழக்கும். என்ரை பொறுப்பு."

அந்தச் செய்தியை அவருக்குச் சொன்னது கட்டடத்தின் வாசல் காவலாளி. "மூன்றாம் மாடியில் இருப்பது யாரென்று தெரியுமா? லித்துவேனியா தேசிய அணி! ஓய்வு பெற்று இங்கேயே தங்கியாயிற்று," என்று அவர் பெருமையோடு விரலை மேலே காட்டியிருந்தார்.

கதவு திறந்தது. ரிமாஸ் நின்றார். குலேந்திரன் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் இருந்த மரியாதை முழுவதையும் திரட்டி, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்க வர முடியுமா என்று கேட்டார்.

ரிமாஸின் இத்தாலியன் குலேந்திரனுடையதை விட மோசம். "சீ, சீ," என்றார். இத்தாலியனில் அது "ஓம், ஓம்." பிறகு உள்ளே திரும்பி ஏதோ கூப்பிட்டார். அவருடைய மனைவி அல்டோனா வந்தார். கட்டையான, நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டிய அம்மா. புருசனின் நெஞ்சுக்குக் கூட எட்டாது. ஆனால் இத்தாலியன் தண்ணீராய் ஓடியது.

"எப்போது பயிற்சி? எத்தனை பிள்ளைகள்? நல்ல சப்பாத்து இருக்கிறதா?"

'மொழிபெயர்க்கவும் ஆள் கிடைச்சிட்டுது' என்று குலேந்திரன் மனதுக்குள் குதித்தார்.

கோப்பி வந்தது. அல்டோனாவே கதையும் சொன்னார். லித்துவேனியாவில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் கூடை தொங்குமாம். "பனிக்காலத்தில் கையுறையோடு எறிவோம். பள்ளிக்கூடம் முடிய முதலே பெரிய அணிக்கு எடுத்துவிட்டார்கள். ஒரு இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியால் தோற்றோம். பேருந்தில் எல்லாரும் அழுதார்கள். அடுத்த நாள் விடிய நாங்கள் பயிற்சிக்குப் போய் நின்றோம். பிறகு இத்தாலிக்கு வந்தோம். வடக்கே சில கழகங்கள், கடைசியாகச் சிசிலி. அந்தக் கழகம் மூடப்பட்டது. கடல் பிடித்துப் போனது. தங்கிவிட்டோம்."

ரிமாஸ் தலையை ஆட்டிக்கொண்டே கட்லட் தின்றார்.

குலேந்திரன் வீட்டுக்குப் போய் மனைவி குகனேஸ்வரியிடம், "என்ன மாதிரி மனுசியப்பா! புருசன்ரை வெற்றி தோல்வியெல்லாம் 'நாங்கள், நாங்கள்' எண்டுதான் கதைக்கிறா," என்றார்.

"நீங்கள் படி கழுவிறதையும் நான் 'நாங்கள் வேலைக்குப் போறம்' எண்டுதானே சொல்லுறனான்," என்றார் குகனேஸ்வரி.

முதல் ஞாயிறு ரிமாஸும் அல்டோனாவும் மைதானத்துக்கு வந்தார்கள். குலேந்திரன் ரிமாஸுக்கு மர நிழலில் கதிரை போட்டார். அல்டோனா நேரே பிள்ளைகளின் நடுவே போய்க் கையைத் தட்டினார். "முழங்காலை மடி! கையை உயர்த்து! எதிராளியின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார்!" ஓட வைத்தார், மறித்தார், திரும்ப ஓட வைத்தார். பிள்ளைகள் நாக்குத் தள்ள நின்றார்கள்.

கொட்வின் வந்து பார்த்தார். "குலேந்திரன், உங்கடை ஆள் கதிரையை விட்டு எழும்பேல்லையே?"

"பெரிய ஆக்கள் கண்ணாலைதான் பழக்குவினம். அவர் பார்க்கிறார், அவ எடுத்துச் சொல்லுறா."

"வாயே திறக்கேல்லையே ஐசே. என்னத்தை எடுத்துச் சொல்லுறா?"

"புருசன் பெண்சாதி. வாய் திறந்தே கதைக்க வேணும்?"

கொட்வின் விடவில்லை. பந்தைக் கொண்டுபோய் ரிமாஸின் மடியில் வைத்து, கூடையைக் காட்டினார். ரிமாஸ் "சீ, சீ," என்று எழும்பி, பிள்ளையைத் தூக்குவதுபோலப் பந்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். பந்து கூடைக்கு மேலால், பலகைக்கு மேலால், மதிலுக்கும் மேலால் போனது. தெருவில் ஒரு பேருந்து சடாரென்று பிரேக் போட்ட சத்தம் கேட்டது.

எல்லோரும் குலேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முழங்கால்," என்றார் குலேந்திரன், யோசிக்காமலே. "இறுதிப் போட்டியிலை உடைஞ்ச முழங்கால். கால் ஊன்றாட்டில் கை எப்பிடி வேலை செய்யும்?"

அந்தப் பொய் பல்லரோச் சந்தைக்குப் போய், மீன் கடையில் நின்று, அடுத்த ஞாயிறு எண்ணெய்ப் போத்தலோடு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் அருளையா. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்தான். ஆனால் மன்னாரில் அவருடைய பரம்பரையே முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரை.

"அண்ணை, வேண்டாம், தன்பாட்டிலை மாறும்," என்று குலேந்திரன் தடுத்தார்.

"உடைஞ்சது தன்பாட்டிலை மாறுமே? விசர்க்கதை."

அருளையா ரிமாஸின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார். எண்ணெய் பூசினார். ரிமாஸ் சுகமாகச் சாய்ந்து "சீ, சீ," என்றார். அருளையா ஒரு இழுவை இழுத்தார். அதற்குப் பிறகு ரிமாஸ் சொன்னது இத்தாலியன் இல்லை.

அன்று வந்தபோது நேராக நடந்து வந்தவர், போகும்போது நொண்டிக்கொண்டு போனார்.

"இவர் முந்தி நல்லாத்தானே நடந்தவர்?" என்றார் கொட்வின்.

"நோவை மறைச்சு நடந்தவர். இப்பத்தான் எங்களிலை ஒரு உரிமை வந்திருக்கு."

வீட்டில் குலேந்திரனுக்கு நித்திரை வரவில்லை. எங்கே பிழை என்று யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தார். பிழை அந்த அம்மாவில்தான். புருசனை ஒரு சொல்லாவது சொல்ல விட்டால்தானே?

"அப்பா, அல்டோனா நல்லாத்தான் பழக்கிறா," என்றாள் றம்யா. "கிறிடா பண்ணுறா, ஆனா விளங்குது."

"அவ கத்துறது இருக்கட்டும். நீ அவரைப் பார். அவரிட்டை இருக்கு சரக்கு."

அடுத்த ஞாயிறு குலேந்திரன் ஒரு திட்டம் போட்டார். குகனேஸ்வரி அல்டோனாவின் வீட்டுக்குப் போய், முக்கியமான அலுவல் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். தனியாக அகப்பட்ட ரிமாஸைக் குலேந்திரன் மைதானத்தின் நடுவே நிறுத்தி, "பழக்குங்கோ!" என்று கும்பிட்டார்.

ரிமாஸ் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது. பிள்ளைகளை உயரப்படி வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருத்தியின் வயிற்றுக்கு நேரே விரலைக் காட்டி மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். கையை உயர்த்தினார். "ஆஆ" என்றார். பிள்ளைகளும் "ஆஆ" என்றார்கள். "ஓஓ" என்றார். "ஓஓ."

கொட்வின் கேற்றடியில் வந்து நின்றபோது தமிழ்ப் பெண்கள் கூடைப்பந்து அணி லித்துவேனியப் பாட்டொன்றை மூன்று குரலில் பாடிக்கொண்டிருந்தது. பந்து ஒரு மூலையில் கிடந்தது.

"இது என்ன, குலேந்திரன்?"

"மூச்சுப் பயிற்சி," என்றார் குலேந்திரன். "தேசிய அணியிலை இதுதான் முதல் பாடம்."

அந்த நேரம் பார்த்து அல்டோனா வந்து சேர்ந்தார். ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, முகத்தில் நெருப்பு. பின்னால் குகனேஸ்வரி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"போட்டி தலைக்கு மேலே நிற்கிறது! என்னைச் சந்தைக்கு இழுத்துப் போக யார் சொன்னது?"

'மொழிபெயர்ப்பு வேலை பறிபோகுது எண்ட பயம்' என்று நினைத்த குலேந்திரன், சிரித்துச் சமாளித்தார். ஆனால் மனம் தளரவில்லை. இவ்வளவு பொய்க்குப் பிறகு தோற்றால் மகளின் மைதானம் மட்டுமல்ல, தன் முகமும் போய்விடும். மிச்ச நாட்களில் படி கழுவி முடித்த கையோடு வந்து கோடு போட்டார், பந்துக்குக் காற்றடித்தார், பிள்ளைகளுக்குத் தண்ணீர் சுமந்தார்.

போட்டி நாள் வந்தது. ரிமாஸுக்கு நிழலில் மெத்தை வைத்த கதிரை, நொண்டும் காலை வைக்க ஒரு முக்காலி, பக்கத்தில் தின்ன ஒரு தட்டு ரோல்ஸ். அல்டோனா கொளுத்தும் வெயிலில் கோட்டடியில் நின்று கத்தினார். "அம்மா, நீங்கள் போய் இருங்கோ," என்று குலேந்திரன் ஒரு தடவை தோளில் தொட்டார். அல்டோனா அவரைப் பார்க்காமலே ஒரு கையால் தள்ளினார். தள்ளிய வேகத்தில் குலேந்திரன் தண்ணீர்ப் பெட்டிக்குள் போய் இருந்தார்.

ஆட்டம் முடியும் தறுவாய். தமிழ்ப் பெண்கள் ஒரே ஒரு புள்ளி பின்னால். திடீரென்று அல்டோனா கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார்.

குலேந்திரன் பதறிப்போய் ரிமாஸிடம் ஓடினார். "உங்களைக் கேளாமலே நிப்பாட்டிப்போட்டா! ஏதும் சொல்லுங்கோ!"

ரிமாஸ் வாயிலிருந்த ரோல்ஸை விழுங்கிவிட்டு, "சீ, சீ," என்றார்.

அங்கே அல்டோனா பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, றம்யாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக ஏதோ சொன்னார். முதல் முறையாக அவர் கத்தவில்லை.

நடுவரின் விசில் கேட்டது. பந்து றம்யாவிடம் வந்தது. பிலிப்பைன்ஸ் பெண்கள் எல்லோரும் அவளை மறிக்கப் பாய்ந்தார்கள். அவள் எறிவதுபோல எழும்பி, எறியாமல், யாருமே கணக்கெடுக்காத கடைக்குட்டி சுதாஜினிக்குத் தட்டிவிட்டாள். சுதாஜினி எறிந்தாள். பந்து வளையத்தில் தயங்கி நின்று, உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகு குலேந்திரனுக்குக் கண் தெரியவில்லை. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே விளங்கவில்லை. கொட்வின் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "மன்னிச்சுக்கொள்ளும் ஐசே. மைதானம் பிள்ளையளுக்குத்தான்," என்றார். பிறகு சங்கத்தின் பொன்னாடையை எடுத்து, கதிரையில் ஏறி நின்று ரிமாஸின் தோளில் போர்த்தினார். மாலையும் விழுந்தது. கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ரிமாஸ் கண் கலங்கி, பேசுவதற்குப் பதிலாகக் கணீரென்று ஒரு பாட்டுப் பாடினார். மைதானமே அடங்கிப்போய்க் கேட்டது.

"பெரிய மனுசருக்கு எல்லாக் கலையும் வரும்," என்றார் கொட்வின்.

அப்போது ஆட்டத்தின் நடுவர் மரியா விசிலைக் கழற்றியபடி கூட்டத்துக்குள் வந்தார். தலை நரைத்த பலெர்மோக்காரி. பொன்னாடையைக் கடந்து, மாலையைக் கடந்து நேரே போய் அல்டோனாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். பிறகு குலேந்திரனிடம் திரும்பி, ஒன்றும் விளங்காமல் கேட்டார்:

"லித்துவேனியாவின் கப்டனை இவ்வளவு நேரமும் வெயிலில் நிற்க வைத்துவிட்டு, அவவின் புருசனுக்கு எதற்குப் பொன்னாடை போர்த்தினீர்கள்?"