சுழிச்சாமி தடவிய மொட்டைத் தலைகள்

முப்பத்தேழாம் வருஷம் சுருளிப்பட்டிக்கு அருவியில் குளிக்க வந்தவர்களைவிட மொட்டையடிக்க வந்தவர்களே அதிகம். காரணம் சுழிச்சாமி. பிள்ளையின் உச்சந்தலைச் சுழியைப் பார்த்தே, அது நாளைக்குக் கலெக்டரா, வயக்காட்டுக் கூலியா என்று சொல்லிவிடுவார். வடுகபட்டியிலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் வண்டி வண்டியாகப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். நாவிதர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

காவிக்கு முன்னால் சாமியின் பெயர் ஒச்சாண்டி. மாட்டுச் சந்தைத் தரகர். சுழி பார்த்து மாடு வாங்குவது நம் பக்கத்து வழக்கம்தானே. பாடைச் சுழி என்றால் வாங்கியவன் வீட்டில் சாவு, ராஜமந்திரச் சுழி என்றால் யோகம். ஆனாலும் மாடு வாங்குகிறவன் விவரமானவன். பல்லைப் பிடித்துப் பார்ப்பான், ஏரில் கட்டி ஓட்டியும் பார்ப்பான். பிள்ளையைக் கூட்டிவருகிறவன் எதையும் பார்ப்பதில்லை. இது தெரிந்த அன்றே தரகர் சாமியாகிவிட்டார். சுழிகளின் பெயரைக்கூட மாற்றவில்லை. ஒரு பயலும் கேட்கவுமில்லை.

சாமியிடம் ஒரு சட்டம் உண்டு. பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் குறி கெட்டுவிடுமாம். மொட்டையில் முடி முளைவிடும் சமயம், உச்சந்தலை மட்டும் தெரியும்படி காவித்துணியால் மூடி உட்கார வைக்க வேண்டும். பெற்றவர்கள் பக்கத்தில் நிற்கலாம். முகம் பார்க்காமலே சொல்கிறாரே என்று கூட்டம் உருகியது.

முத்துவீரன் தன் மகள் பவுனுவைக் கூட்டிப்போனான். அஞ்சாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள். கம்பத்தில் ஆறாம் வகுப்புச் சேர்க்கச் சொல்லி வாத்தியார் வீடு தேடி வந்திருந்தார். முத்துவீரனுக்கும் ஆசைதான். சாமி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தெம்பாக இருக்கும் என்று நினைத்தான். சாமி முதலில் அவனுடைய வெடித்த பாதத்தைப் பார்த்தார், அழுக்குத் துண்டைப் பார்த்தார். பிறகுதான் சுழி.

"பாடைச் சுழிடா இது. எழுத்துக்கு ஒரு நாளா அப்பன் ஆயுசு குறையும். ஆடு மேய்க்க விடு."

அன்றே புத்தகங்கள் பரணுக்குப் போயின. முத்துவீரன் பாசமில்லாதவன் அல்லன், பயந்தவன். ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் வேண்டாம். பவுனு ஆடுகளுக்கு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்கக் கேட்கத் தாய் சோணையம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"எழுத்துக்கு ஒரு நாளுன்னா, அஞ்சு வகுப்புக்கு நீங்க போன தையிலேயே செத்திருக்கணுமே" என்றாள் புருஷனிடம். முத்துவீரன் தன் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சோணையம்மாள் நடவு வேலைக்குப் போகும் வீடு ஏலக்காய்த் தோட்டக்காரர் வீடு. அந்த வீட்டுக் கஸ்தூரியம்மாளுக்கு வேறு எரிச்சல். அவருடைய மகன் பால்பாண்டிக்கு ராஜமந்திரச் சுழி, தாசில்தார் உத்தியோகம் வீடு தேடி வரும் என்று சொல்லியிருந்தார் சாமி. அன்று மூடிய புத்தகத்தைப் பயல் திறக்கவில்லை. தாசில்தாருக்கு வாய்ப்பாடு எதற்கு என்று கேட்கிறான். இரண்டு தாய்மாரும் வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, முடி வளருமுன், மறுகுறி கேட்க இருவரும் வந்தார்கள். கூட்டத்தில் முத்துவீரனும் நின்றான். சங்கிலி மின்ன முன்னே வந்த கஸ்தூரியம்மாளைக் கண்டதும் சாமி எழுந்தேவிட்டார். மூடியிருந்த பிள்ளையின் உச்சந்தலையை வாஞ்சையோடு தடவினார்.

"அதே ராஜமந்திரச் சுழிதேன் தாயி. தாலுகாக் கச்சேரியில உக்காந்து ஊரை ஆளப்போற தலை இது."

அடுத்தது சோணையம்மாள். சாமிக்குத் தடவக்கூடப் பொறுமையில்லை. "அதேன் சொன்னேன்ல, பாடைச் சுழின்னு. ஆட்டுக்குப் பின்னால போற தலை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி" என்றாள் சோணையம்மாள். சாமி மறுபடி பார்த்து, சத்தியம் என்றார்.

இரண்டு தாய்மாரும் துணியை உருவினார்கள். கஸ்தூரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பவுனு. சோணையம்மாள் பக்கத்தில், ஆட்டுக்குப் பின்னால் போக வேண்டிய தாசில்தார் பால்பாண்டி, முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு சிரித்தது. சுழி இடம் மாறிவிட்டது என்றார் சாமி. மாட்டுக்கே மாறாதே என்று ஒரு கிழவர் கேட்டார். சாமி தியானம் செய்யக் காட்டுப்பக்கம் போனார். இன்னும் திரும்பவில்லை.

முத்துவீரன் கூட்டத்தை விலக்கி வந்து மகளின் தலையைத் தொட்டான். "அப்ப எந்தச் சுழிதேன் நிசம்?" என்றான். இவ்வளவு நடந்த பிறகும் கேட்டான்.

சோணையம்மாளுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. "ஒரே தலைதேன். உங்க கூட வந்தா ஆடு மேய்க்குது, அந்த அக்கா கூட வந்தா ஊரை ஆளுது. இனிமே எங்கன உக்காரணும்னு நீங்க சொல்லுங்க."

மறுநாள் காலை அவன் மகளைக் கம்பத்துக்குக் கூட்டிப்போனான். தெருமுனையில் நல்ல சகுனத்துக்காகக் கொஞ்ச நேரம் நின்றான். பவுனுதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெற்றவர்களே, பிள்ளைகளின் மண்டைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தடவியது போதும். உங்கள் மண்டைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அதற்கு மொட்டையடிக்க வேண்டியதில்லை.