வெர்லின் டோஸ்ட்ரட் சின்னக் கோட்டுக்கு வந்த கதை

ஜூன் இரண்டாம் தேதி, காலைக் காப்பிக்கு முன்னால், வெர்லின் டோஸ்ட்ரட் ஒரு மகத்தான முடிவு எடுத்தார். சின்னக் கோட்டுக்குப் போவது. அதுவும் ஆர்டிஸுக்குத் தெரியாமல் போவது.

இதில் முதல் பாதி சுலபம். இரண்டாம் பாதிதான் உயிர் போகிற விஷயம். நாற்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் மனைவிக்குத் தெரியாமல் செய்து முடித்த காரியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், வெர்லின் அதை ஆர்டிஸைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

விவரம் இதுதான். ஆட்டத்துக்கு லாடம் எறிதல் என்று பெயர். நாற்பது அடி தூரத்தில் களிமண்ணில் நட்ட ஓர் இரும்பு முளை. கையில் ரெண்டரை ராத்தல் லாடம். வீசினால் அது போய் முளையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டால் ரிங்கர், மூன்று புள்ளி. பக்கத்தில் போய்ப் படுத்தால் ஒன்று. பெண்களும் சிறுவர்களும் முப்பது அடியில் இருக்கும் சின்னக் கோட்டில் நின்று எறிவார்கள். எழுபது தாண்டிய ஆண்களும் விரும்பினால் அங்கே வந்து நிற்கலாம் என்று ஒரு விதி உண்டு. நல்ல விதிதான். 'விரும்புகிறேன்' என்று வாயைத் திறந்து சொல்லத்தான் அயோவா மாநிலத்தில் எந்த ஆணுக்கும் நாக்கு எழுவதில்லை.

வெர்லினுக்கு எழுபத்தொன்று. ஏப்ரலிலிருந்து அவருடைய லாடங்கள் முளைக்கு ரெண்டடி முன்னாலேயே களைத்துப்போய் விழுந்தன. முதலில் காற்றைத் திட்டினார். அப்புறம் லாடத்தை. அப்புறம் புதுக் கண்ணாடியை. கடைசியில் திட்டுவதற்குச் சொந்தத் தோள்பட்டைதான் மிச்சம்.

இந்த வருஷம் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? மாநில மூத்தோர் சாம்பியன்ஷிப்பில் ஏழு முறை இரண்டாவதாக வந்தவர் அவர். ஏழு முறையும் முதலில் வந்தது ஓர்வல் ஸ்விடா. அந்த ஓர்வல் ஜனவரியில் காலமாகிவிட்டார். சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரில் வெர்லினும் ஒருவர். நிஜமாகவே அழுதார். பெட்டியை இறக்கிவிட்டு நிமிரும்போதுதான், 'அப்போ இந்த வருஷம்...' என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதற்காக அங்கேயே வெட்கமும் பட்டார்.

சரி, ஆர்டிஸிடம் சொன்னால் என்ன? அங்கேதான் நாற்பத்தேழு வருஷத்து வினை நிற்கிறது. கவுண்டிச் சந்தையில், அதாவது மாவட்டத் திருவிழாவில், அவர் அவளை முதன்முதலில் பார்த்ததே சின்னக் கோட்டில்தான். மஞ்சள் கவுன், காலில் அண்ணனுடைய பூட்ஸ். அவள் வீசிய லாடம் காற்றில் ஒரே ஒரு குட்டிக்கரணம் போட்டு, அவசரமே இல்லாமல் போய் முளையில் உட்கார்ந்தது. இருபது எறியில் பதினாறு ரிங்கர். இருபத்துநாலு வயசு வெர்லினுக்கு மூச்சே நின்றுவிட்டது. மூச்சு திரும்பியதும் வாயில் வந்தது இதுதான்:

"அந்தத் தூரத்துலேர்ந்துன்னா எங்க வீட்டுக் கோழிகூடப் போடும்."

"அப்போ கோழியைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா நீ வந்து நில்லு."

"நானா? அந்தக் கோட்டுலயா? என்னைப் புதைச்சதுக்கு அப்புறம் வேணா பார்க்கலாம்."

அடுத்த வருஷம் கல்யாணம். பிறகு மூன்று குழந்தைகள், அறுபது மாடுகள். ஆர்டிஸின் லாடங்கள் நிலவறைக்குப் போயின. கோழி ஜோக் மட்டும் மேலேயே தங்கி, வருஷத்துக்கு நாலு தடவை விருந்தாளிகள் முன்னால் உலா வந்தது. ஆர்டிஸ் ஒவ்வொரு வருஷமும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாம்பியன்ஷிப்புக்கு வருவாள். அவர் போடும் ரிங்கர்களை வாய்விட்டு எண்ணுவாள். அந்தக் குரல் கேட்காமல் அவர் ஆடியதே கிடையாது. அவள் ஏன் எறிவதில்லை என்று அவர் கேட்டதும் கிடையாது.

ஆகவே ரகசியப் பயிற்சி. இடம், நண்பர் டெல்பர்ட்டின் டிராக்டர் கொட்டகை. வீட்டில் சொன்னது, சர்ச் நிலவறைக்குப் பெயின்ட் அடிக்கும் திருப்பணி.

"டேய், சொந்த வீட்டுப் பின்னால ஆடுகளம் வெச்சுக்கிட்டு இங்க வந்து ஒளிஞ்சு எறியறியே, வெக்கமா இல்ல?" என்றார் டெல்பர்ட்.

"அங்கன்னா ஜன்னல்லேர்ந்து பார்ப்பா."

"பார்த்தா? சுட்டுடுவாளா?"

"சிரிப்பா."

டெல்பர்ட்டும் கல்யாணமானவர். எழுந்து போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

நாற்பதடிக்குப் பழகிய கை முப்பதடியில் கட்டுப்படவில்லை. ஒண்ணேமுக்கால் சுற்று சுற்றிப் போகிற அவருடைய லாடம் முளையைத் தாண்டி, டெல்பர்ட்டின் அறுவடை இயந்திரத்தை நாலு முறை அடித்தது. ஐந்தாம் நாள் வெர்லின் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அந்த மஞ்சள் கவுன் எப்படி வீசினாள்? கட்டை விரல் எங்கே இருந்தது? மணிக்கட்டை எப்போது விட்டாள்? ஆச்சரியம், எல்லாம் ஞாபகம் இருந்தது. கண்ணைத் திறந்து வீசினார். ஒரே குட்டிக்கரணம். கிணீர்!

டெல்பர்ட்டிடம் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் விசாரணை தொடங்கியது.

"ஒரு வாரமா பெயின்ட் அடிக்கறே. மேல ஒரு சொட்டுகூடப் படலையே?" என்றாள் ஆர்டிஸ்.

"ஜாக்கிரதையா அடிக்கறேன்."

"நீயா?"

மறுநாள் கொட்டகையில் இருந்த டப்பாவைத் திறந்து பேன்ட்டில் நாலு இடத்தில் தடவிக்கொண்டு வந்தார். கொட்டகையில் இருந்தது ஒரே டப்பா.

"சர்ச்சுக்கு டிராக்டர் பச்சையா?"

"பாஸ்டர் கொஞ்சம் புதுமையான ஆளு."

"நகத்துல என்ன, களிமண்ணு?"

"சுவத்துல ஓட்டை இருந்தது. அடைச்சோம்."

"களிமண்ணாலயா?"

"சிக்கனம்."

ஆர்டிஸ் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "பாவம், இந்த வயசுல எவ்வளவு உழைப்பு! அவசரப்படாதே. நாளையிலேர்ந்து ஒரு மணி நேரம் கூடவே இருந்துட்டு வா. கர்த்தர் காரியம்தானே."

வெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சாமர்த்தியம் தனக்குள் இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது என்று வியந்துபோனார்.

மிச்சம் இருந்தது போட்டி நாள். அன்றைக்கு ஆர்டிஸ் ஊரில் இருக்கக்கூடாது. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், ராத்திரிச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"உங்க அக்கா லவோனைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

ஆர்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "லவோனையா? போன தடவை அவ வந்தப்போ நீ ஓடிப்போய் வாசல் கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னே. அவ அப்போ கிளம்பக்கூட இல்ல."

"தங்கமான பொம்பளை."

"போன மாசம் தகரம்னியே."

"வயசாகுது ஆர்டிஸ், மனசு கனியுது. செப்டம்பர் முதல் வாரம் தொழிலாளர் தின லீவு வருதே, போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன்."

"அன்னிக்கு உன் போட்டி ஆச்சே?"

"நாப்பதடியில ஒரு கிழவன் தோக்கறதைப் பார்க்க என்ன இருக்கு?"

"அதுவும் சரிதான். போறேன்."

அவ்வளவுதான். கைவசம் இன்னும் நாலு பொய் தயாராக வைத்திருந்தார். எல்லாம் வீண். வெள்ளிக்கிழமை அவள் கார் சோளக்கொல்லைத் திருப்பத்தில் மறைந்ததும் ஒரு பாட்டுப் பாடினார். பாதியில் நிறுத்திவிட்டார். அந்த மடக்கு நாற்காலி அவள் காரிலேயே போய்விட்டது என்று ஏனோ அப்போது தோன்றியது.

சனிக்கிழமை காலை. பூங்காவில் வழக்கமான கூட்டம், வழக்கமான தண்ணிக் காப்பி. அறுபதைத் தாண்டிய ஆணும் பெண்ணும் அவரவர் கோட்டில் நின்று ஒரே பட்டத்துக்கு எறிகிற போட்டி. முதலில் இரண்டு குழுக்கள், பிறகு இரண்டு குழுக்களிலும் ஜெயித்தவர்களுக்குள் இறுதி ஆட்டம். பெயர் பதியும் மேசையில் மேவிஸ் கிழவி. வெர்லின் குனிந்து அவள் காதில் முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லு வெர்லின், காது மெஷின் போட்டுக்கல."

"சின்னக் கோடு!"

பூங்காவே திரும்பியது. பன்றிக்கறி சாண்ட்விச் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார். வெர்லின், கூட வந்திருந்த டெல்பர்ட்டின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"எந்தக் கோடுன்னு மே பதினஞ்சுக்குள்ள படிவத்துல எழுதணுமே. இன்னிக்கு மாத்த முடியாது. படிவத்தைப் படிக்கலையா நீ?" என்றாள் கிழவி.

அவர் எந்தப் படிவத்தைப் படித்தார்? வருமான வரியிலிருந்து கல்லறை நிலம் வரைக்கும் எல்லாவற்றையும் ஆர்டிஸ்தான் பூர்த்தி செய்வாள். கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு நீட்டுவாள். அவர் குறியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மூன்று மாத உழைப்பும் போச்சு.

"இரு, இரு," என்றாள் மேவிஸ், அட்டையை உருவி. "இதுல முப்பதுன்னுதானே போட்டிருக்கு."

நிரப்பியிருந்தது ஆர்டிஸின் எழுத்து. தேதி மே ஒன்பது. அவர் முடிவெடுத்ததே ஜூன் இரண்டாம் தேதி.

வெர்லின் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஏப்ரலிலேயே அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிக்கவில்லை. பச்சைப் பெயின்ட்டைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தாள். அவர் கூச்சப்படக்கூடாது என்றே அக்கா வீட்டுக்கும் போய்விட்டாள். இப்படிப்பட்டவளிடமா நாற்பத்தேழு வருஷமாகக் கோழிக் கதை சொன்னோம்! இந்தப் பட்டத்தை ஜெயித்து அவள் மடியில் கொண்டுபோய் வைப்பது என்று அங்கேயே சபதம் எடுத்தார்.

சபதம் வேலை செய்தது. மேற்குப் பக்கக் களங்களில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. கிழக்குப் பக்கம், சமையல் கொட்டகைக்கு அப்பால், இன்னொரு குழுவில் யாரோ பிய்த்து உதறுவதாகப் பேச்சு வந்தது. வெர்லின் போய்ப் பார்க்கவில்லை. பட்டியலையும் பார்க்கவில்லை. நாலு பேர் கண்ணில் படாமல் இருப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

இரண்டரை மணிக்கு மேவிஸ் மைக்கைப் பிடித்தாள். "இறுதி ஆட்டம். ரெண்டு பேருமே சின்னக் கோடு. வெர்லின் டோஸ்ட்ரட், எதிர்த்து ஆடறவங்க ஆர்டிஸ் டோஸ்ட்ரட்."

கிழவி ஒரே அட்டையை இரண்டு தடவை படிக்கிறாள் என்றுதான் வெர்லின் நினைத்தார். அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஆர்டிஸ் வந்தாள், கையில் இரண்டு லாடங்கள். பின்னால் மடக்கு நாற்காலியோடு லவோன். நாற்காலியை விரித்து உட்கார்ந்து, "என்னை ரொம்பப் புகழ்ந்தியாமே வெர்லின்?" என்றாள்.

வெர்லின் ஆர்டிஸ் கையிலிருந்த லாடங்களையே பார்த்தார். "நீ... எங்க பழகினே?"

"நம்ம வீட்டுப் பின்னால. நீதான் தினம் மூணு மணி நேரம் சர்ச்சுக்குப் போயிட்டியே, களம் காலியாத்தான் கிடந்தது."

"ஒரு மணி நேரம் கூட இருந்துட்டு வான்னியே..."

"பத்து எறிஞ்சா ரிங்கர் அஞ்சுக்கு மேல ஏறல. அதான்."

முதல் லாடம் அவருடையது. ஒரே குட்டிக்கரணம், கிணீர். ஆர்டிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அது என் எறி! எங்க திருடினே?"

"கவுண்டிச் சந்தையில."

"மஞ்சள் கவுனா போட்டிருந்தேன்?"

"ஆமா. உங்க அண்ணன் பூட்ஸும்."

"இவ்வளவும் ஞாபகம் இருக்கா உனக்கு?"

"கோழி பத்தி ஏதோ சொன்னேனே, அது மட்டும்தான் மறந்துபோச்சு."

"எனக்கு மறக்கல," என்று அவர் ரிங்கர் மேலேயே தன் ரிங்கரைப் போட்டாள். ரிங்கர் மேல் ரிங்கர் விழுந்தால் இரண்டுமே செல்லாது.

அப்படியே போயிற்று ஆட்டம். அவர் போட, அவள் அழிக்க. அவள் போட, அவர் அழிக்க. கையில் களிமண், காதில் இரும்புச் சத்தம், பக்கத்தில் அவள். வெர்லினுக்குப் பட்டமே மறந்துபோனது. இருபத்துநாலு வயசு திரும்பிவந்து தோளில் கை போட்டுக்கொண்டது. எவ்வளவு அழகாக எறிகிறாள்! இத்தனை வருஷமும் இதைப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கலாமே.

"ஏன் எறியறதை விட்டே ஆர்டிஸ்?" என்று நாற்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ லாடத்தைத் தூக்கிட்டுக் கிளம்பினியே, அப்போ அறுபது மாட்டையும் யார் கறந்தான்னு நினைச்சே? தானா கறந்துக்கிச்சா?"

நினைத்ததே இல்லை. அதுதான் உண்மை. வெர்லினுக்கு உச்சி முதல் பாதம் வரை வெட்கமாக இருந்தது. அடுத்த இரண்டு எறியும் கோணிப்போயின.

முப்பத்தேழுக்கு முப்பத்தேழு. நாற்பது தொட்டால் ஜெயம். வெர்லின் முதல் லாடம் ரிங்கர், இரண்டாவது தொலைவில் உருண்டது. ஆர்டிஸ் ஒன்றைப் போட்டு அவருடையதை அழித்தாள். இரண்டாவதை வீசினாள். ஒரே குட்டிக்கரணம்.

லவோன் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தாள்.

எட்டாவது முறையாக இரண்டாவதாக வந்தவர் பெஞ்சில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். தோற்றது அவ்வளவாக வலிக்கவில்லை. அவள் லாடங்களை வாங்கித் தன் கைக்குட்டையால் களிமண்ணைத் துடைத்தார்.

"ஆர்டிஸ், அந்தப் படிவம்... மே மாசமே முப்பதுன்னு போட்டு வெச்சியே..." என்று ஆரம்பித்தார். "என் மானத்தைக் காப்பாத்தணும்னு உனக்குத் தோணிச்சே, அதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

ஆர்டிஸ் எலுமிச்சைச் சாற்றை ஒரு வாய் குடித்தாள்.

"மானமா? நாப்பதடியில நின்னிருந்தா முதல் ஆட்டத்துலயே தோத்து வீட்டுக்குப் போயிருப்பே. நாப்பத்தேழு வருஷமா காத்திருந்தவ நான், உன்னை வேற யாரோ தோக்கடிக்க விட்டுடுவேனா?"