நாலு கதவுள்ள குடும்பக் கார்

ஓட்டுநர் இருக்கை மறுபடியும் முன்னால் தள்ளப்பட்டிருந்தது.

மருந்துக்கடைக்காரி கதவைத் திறந்து உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. நேற்றும் இப்படித்தான் நடந்தது. கடையிலிருந்து வந்ததும் இருக்கையைத் தன் உயரத்துக்குத் தக்கபடி பின்னால் தள்ளி வைப்பாள். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் அது ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்.

யார் வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கணவன் அவளைவிட ஒரு சாண் குள்ளம். அது அவன் குடும்பத்துச் சொத்து. கல்யாண போட்டோவில்கூட அவளை உட்காரவைத்துவிட்டு அவன் நின்றுகொண்டிருப்பான்.

நேராக உள்ளே போய்க் கேட்டாள்.

"காரை எடுத்தீங்களா?"

"நானா? அந்தச் சனியனை நான் தொடறதே இல்லியே. ஆபீஸ் வேன்ல போறேன், ஆபீஸ் வேன்ல வரேன்."

"அப்ப சீட்டு தானா நகர்ந்துச்சா?"

"உன் கார்தானே. எதையாவது முந்தணும்னு சீட்டே முன்னாடி போயிருக்கும்."

அவன் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவில் இருந்தான். நசுங்கிய கார்களின் படங்களை நாள் முழுவதும் பார்ப்பது அவன் உத்தியோகம். சோபாவில் உட்கார்ந்தால்கூட இடுப்புப் பக்கம் கை போய் பெல்ட்டைத் தேடும். அப்படிப்பட்டவனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் செடானை வாங்கவைக்க அவள் சொன்ன வாதம் ஒன்றுதான்.

"நாலு கதவு இருக்கு. டிக்கி இருக்கு. குடும்பக் கார்தான்."

வண்டியை வீட்டு வாசலில் முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டு மாடிப் புறாக்கள் மொத்தமும் பறந்து போயின.

"குடும்பக் கார் ஏன் உறுமுது?" என்று கேட்டான்.

"சளி பிடிச்சிருக்கு. சரியாயிடும்."

சரியாகவில்லை. அவள் சரியாக்கவும் இல்லை. மாதங்கள் போகப் போக உறுமல் இன்னும் தெளிவாகத்தான் ஆயிற்று. நல்லவேளையாக வண்டியைக் கணவன் தன் அம்மா பெயரில் பதிவு செய்திருந்தான். "அம்மா பேர்ல இருந்தாத்தான் நீ கண்டபடி கை வைக்க மாட்டே" என்பது அவன் கணக்கு.

அவள் கண்டபடி கை வைக்கவில்லை, முறைப்படி வைத்தாள். எண்ணெய் மாற்றினாள், பிளக் மாற்றினாள், பின் இருக்கையைக் கழற்றிப் பரணில் போட்டாள். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் கடையிலிருந்து கொண்டுவந்த மாத்திரைக் கவரில் போட்டு எழுதிவைத்தாள். ஆகவே அந்த வீட்டில் 'பின் இருக்கை நட்டு, இடது' என்று எழுதிய கவருக்குக் கீழே 'உணவுக்குப் பின், இரண்டு வேளை' என்றும் அச்சாகியிருந்தது.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்காக. ஊருக்கு வெளியே, விமானம் இறங்காமல் போன பழைய ஓடுதளத்தில் கூம்புகளை வளைத்து வளைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்தான் ஓடும். கடிகாரத்தைத் தவிர வேறு யாரையும் முந்த வேண்டியதில்லை. லைசென்ஸும் ஹெல்மெட்டும், பரிசோதனையில் தேறுகிற வண்டியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

இதை அவள் சொன்ன அன்று சாப்பாட்டு மேஜை அதிர்ந்தது.

"இந்த வீட்ல அந்தப் பேச்சே வேணாம்," என்றான் கணவன். "எங்கம்மா இருபது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வேகமாப் போயிருப்பாங்களா? கேட்டுப் பாரு."

மாமியார் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா. ஒரு நாள்கூடப் போனதில்ல," என்றார். அந்தத் துண்டை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக மடித்தார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன். பேர் கொடுத்தாச்சு," என்றாள் மருமகள்.

அதற்கடுத்த நாளிலிருந்துதான் இருக்கை நகர ஆரம்பித்தது. தடுக்க முடியாதவன் தொந்தரவு செய்து பார்க்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

இருக்கையைப் பின்னால் தள்ளி, அது நகரும் தடத்தில் ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கினாள். இனி யார் நினைத்தாலும் நகராது. மேலே மருந்துச் சீட்டு ஒன்றையும் ஒட்டினாள்: 'அளவை மாற்றக் கூடாது.'

மறுநாள் இருக்கை நகரவில்லை. ஆனால் அதன்மேல் வரவேற்பறை சோபாவின் குஷன்கள் இரண்டு இருந்தன. ஒன்று உட்கார, ஒன்று சாய.

உள்ளே கணவன் சோபாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"ரெண்டு குஷன் எங்க போச்சு?"

"எடுத்தவருக்குத் தெரியும்."

"எடுத்தவன் எதுக்குத் தேடறான்?"

"நடிப்பு நல்லா இருக்கு. டிவியில சேர்த்துக்குவாங்க."

இரண்டு நாள் கழித்து நான்கு சக்கரத்திலும் காற்று குறைந்திருந்தது. காற்று அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தாள். நான்கிலும் ஒரே அளவு குறைவு. ஆணி குத்தினால் இப்படி ஒழுங்காகக் குறையாது.

மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனாள். எந்த வேலையைக் கேட்டாலும் "நாளைக்கு ரெடி" என்பதால் தெருவில் அவருக்கு 'நாளைக்கு அண்ணன்' என்று பெயர்.

"அண்ணே, யாரோ டயர்ல காத்தை இறக்கியிருக்காங்க."

"யாரோ இல்ல தங்கச்சி, நான்தான்."

"நீங்களா? யார் சொல்லி?"

நாளைக்கு அண்ணன் கையைத் துடைத்தார். துடைத்த துணி கையைவிட அழுக்காக இருந்தது.

"அதைச் சொல்ல மாட்டேன். வாக்கு கொடுத்திருக்கேன். உங்க வீட்டு ஆளுதான், திருடன் இல்ல. அதுமட்டும் சொல்வேன்."

"என்னை மெதுவா ஓட்ட வைக்கணும்னுதானே?"

"கொஞ்சம் குறைச்சா ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். நல்ல யோசனைதான்."

"அவர் பக்கம் சேர்ந்துட்டீங்க."

"எனக்கு எந்தப் பக்கமும் இல்லம்மா, நான் காருக்கு அடியில இருக்கிறவன்," என்றார் அவர். "ஏன் சண்டை? ஞாயித்துக்கிழமை அங்க வந்து பாரு. ஒரே காரை ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. அண்ணன் தம்பி, புருஷன் பொண்டாட்டி. ஒருத்தர் இறங்க, அடுத்தவர் ஏறுவார். வீட்டோட சேர்ந்து ஓட்டினா ஆகாதா?"

அவள் சிரித்துவிட்டாள். இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் லிஃப்டுக்குள் நுழைகிறவன் அவள் கணவன்.

காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினாள். இனி யாரும் அவளுக்குத் தெரியாமல் வண்டியை எடுக்கக் கூடாது. பாட்டரியைக் கழற்றினாள். நட்டுகளைக் கவரில் போட்டாள். பாட்டரியை எங்கே ஒளிப்பது என்று யோசித்து, இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிக்கூடைக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து மூடினாள். மருந்தெல்லாம் நிமிர்த்தி வைக்கத் தெரிந்தவளுக்கு அன்று பாட்டரி சாய்ந்திருந்தது தெரியவில்லை.

காலையில் முதலில் வந்தவர் மாமியார்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலியே. நான் முட்டி வைத்தியத்துக்குப் போகணும்."

கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு முட்டிக்குப் பயிற்சி செய்யப் போகிறார்; இருபது வருஷம் ஒழுங்காக வேன் ஓட்டியவர்மேல் மருமகளுக்குச் சந்தேகமே வரவில்லை. முட்டிவலிக்கு இவ்வளவு பயிற்சி தேவைப்படுமா என்று மருந்துக்கடைக்காரி ஒருமுறை யோசித்திருக்கிறாள். அத்தையிடம் கேட்கத் தயக்கம்.

"இன்னிக்கு மட்டும் டாக்ஸில போங்க அத்தை."

"டாக்ஸிக்காரன் ரொம்ப மெதுவா ஓட்டறான்," என்றார் மாமியார். பிறகு, "மெதுவாப் போனா முட்டி நோகுது," என்று சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் கணவன் வந்தபோது சட்டைக்கு மேல் யாருடைய ஸ்வெட்டரையோ போட்டிருந்தான். கழற்றினான். காலையில் கூடையிலிருந்து எடுத்து இஸ்திரி போட்ட சட்டையின் முதுகில், அமிலம் தின்ற சல்லடைபோல ஓட்டைகள்.

"மீட்டிங்ல எழுந்து நின்னு படம் காட்டறேன். எல்லாரும் படத்தைப் பார்க்கல, என்னைப் பார்க்கறாங்க. மேனேஜர் கேக்கறார், 'இது எந்த விபத்து?'ன்னு."

கூடையைக் கொட்டினான். பாட்டரி வெளியே வந்தது.

"துணிக்கூடையில பாட்டரி. இதை வெளிய சொன்னா எவனாவது நம்புவானா?"

"நீங்க வண்டியைத் தொடாம இருந்திருந்தா நான் ஏன் கழட்டறேன்?"

"நான் தொடவே இல்லன்னு எத்தனை தடவைடி சொல்றது?"

"சீட்டு? குஷன்? காத்து?"

"காத்தா? எந்தக் காத்து?" அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "போதும். வண்டியை வித்துடறேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கட்டும். அம்மா, நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் என்னைத் தொந்தரவு பண்ணாதே. சாயங்காலம் பார்க்கலாம்."

மருந்துக்கடைக்காரி பாட்டரியை நிமிர்த்தி வைத்தாள். அந்த வண்டியில் அவள் இதுவரை மூன்றாவது கியரைத் தாண்டியதில்லை. தாண்டுவதற்கு அந்த ஓடுதளம் ஒன்றுதான் இருந்தது.

"வித்துக்கோங்க," என்றாள். "ஆனா காலையில நான் ஓட்டிட்டு வந்து, இந்தக் கையால சாவியைத் தருவேன். அதுக்கு முன்னாடி அந்தக் கடவுளே வந்து கேட்டாலும் கிடையாது."

"சாவி என்கிட்ட இருக்கு," என்றான் கணவன். எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அவள் பாட்டரியைத் திரும்ப மாட்டி, பட்டை போட்டு இறுக்கினாள். பிரேக் கட்டைகளை மாற்றலாம் என்று சக்கரத்தைக் கழற்றினால், உள்ளே ஏற்கெனவே புதுக் கட்டைகள் இருந்தன. விற்கப்போகிறவன் புதிது மாட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். சமையலறைப் பரணில் பெரிய அண்டாவைக் கவிழ்த்து அதற்குள் ஒளித்து வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தாடைப் பட்டை கழுத்தை நெரித்தது. யாரோ அதைச் சுருக்கியிருந்தார்கள். போட்டுப் பார்த்துக் கிண்டல் செய்திருப்பான். இருக்கட்டும்.

சாவியில்லாமல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தள்ளிக்கொண்டாவது போவது என்று மட்டும் தீர்மானித்திருந்தாள்.

ஞாயிறு விடியலில் எழுந்து ஹெல்மெட்டைத் தூக்கினாள். உள்ளே சாவி கலகலத்தது.

கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனைச் சிறிது நேரம் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனிதன், என்று நினைத்தபோது கொஞ்சம் நெகிழ்ந்தும் போனாள். மாமியார் படுக்கை காலியாக இருந்தது. நடக்கப் போயிருப்பார். முட்டிக்கு நல்லதுதான்.

ஓடுதளத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. எல்லாவற்றின் பக்கத்திலும் யாரோ ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். பரிசோதகர் பாட்டரியை உலுக்கினார், பிரேக்கை மிதித்தார், பெல்ட்டைத் தொங்கிப் பார்த்தார்.

"உள்ள எதுவும் ஆடக் கூடாது. அந்தக் குஷனையெல்லாம் எடுத்துடுங்க."

எடுத்துப் புல்லில் எறிந்தாள்.

"சீட்டுல என்ன போல்ட்டு?"

"நகராம இருக்க."

"கழட்டுங்க. சீட்டு நகரணும்."

கழற்றினாள்.

"பிரேக் அருமை. காத்து மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க. ரோட்டைக் கவ்வும்," என்று சொல்லித் தேர்ச்சி முத்திரை குத்தினார்.

அவள் குனிந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது டாக்ஸி ஒன்று வந்து நின்றது. லுங்கியோடு கணவன் இறங்கினான்.

"சாவியைக் கொடு."

"முடியாது."

"தலையணைக்கு அடியில இருந்த சாவியைத் திருடியிருக்கே."

"நீங்கதான் ஹெல்மெட்டுக்குள்ள போட்டீங்க. போட்டுட்டு ஏன் இங்க வந்து நாடகம்?"

"நான் எதுக்குடி போடறேன்? எனக்குப் பைத்தியமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஓட்டத்தான் போறேன். நீங்க கூம்பு மாதிரி நடுவுல நின்னாலும் சரி, சுத்திக்கிட்டுப் போவேன்."

சுற்றியிருந்தவர்கள் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள். இந்தச் சண்டைக்கு நடுவே ஸ்டிக்கர் ஒட்டும் பெண் அமைதியாக வந்து, ஓட்டுநர் கதவில் 41 என்ற எண்ணை ஒட்டினாள். பிறகு பக்கத்திலேயே 42 என்று இன்னொன்றை ஒட்டத் தொடங்கினாள்.

"எனக்கு ஒரு நம்பர் போதும்மா," என்றாள் மருந்துக்கடைக்காரி.

"உங்களுக்கு ஒண்ணுதான். இந்த வண்டிக்கு ரெண்டு டிரைவர் பேர் கொடுத்திருக்காங்க."

மருந்துக்கடைக்காரி நிமிர்ந்தாள். முன்னால் வந்த இருக்கை. உயரம் போதாதவருக்கான குஷன்கள். புதுப் பிரேக் கட்டை. சாவி. எல்லாம் கவரில் போட்ட நட்டுகள்போல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கண் கலங்கியது. கணவன் தோளைத் தொட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. சேர்ந்தே ரெடி பண்ணியிருப்போமே."

"என்னத்தைச் சொல்லணும்?" என்றான் அவன், உண்மையாகவே விழித்துக்கொண்டு.

ஸ்டிக்கர் பெண் இரண்டாவது எண்ணை விரலால் நீவிவிட்டு, புல்லில் கிடந்த குஷன்களைப் பொறுக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இவர் இல்லீங்க, அதோ முட்டியை மடக்கி மடக்கிப் பார்த்துக்கிட்டு முதல் ஆளா நிக்கிறாங்களே, அந்தம்மாதான், வண்டியையும் ஹெல்மெட்டையும் மருமக கொண்டு வருவா, பின்னாடியே பையன் கத்திக்கிட்டு வருவான், அவன்கிட்ட மட்டும் கையெழுத்துக் கிடையாதுன்னு சொல்லிடுங்கன்னு காலையிலயே சொல்லி வச்சிட்டாங்க."