மூளை குலுங்கியவன் எடுத்த சபதம்

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடிகிற வரை கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று சபதம் எடுத்தேன். தலையில் அடிபட்ட பதினோராம் நாள் அது.

அடி பொய்யில்லை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தபோது வடம் அறுந்து மல்லாந்தேன். பின்மண்டை கல்லில் மோதியது. கண்ணைத் திறந்தால் இரண்டு கிணறு, நாலு மாடு, இரண்டு தையல்நாயகி. ஒரு மனைவியையே சமாளிக்க முடியாதவன் நான். மறுபடியும் மயங்கிவிட்டேன்.

திண்டிவனம் டாக்டர், "மூளை குலுங்கியிருக்கு. பத்து நாள் சத்தம், வெளிச்சம், வேலை எதுவும் ஆகாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடமாடணும்" என்றார்.

"குலுங்கற அளவுக்கு உள்ள இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள் தையல்நாயகி.

முதல் வாரம் நிஜமாகவே வாந்தி, கிறுகிறுப்பு. கேலி பேசியவள்தான் அழுதுகொண்டே கஞ்சி ஊட்டினாள். பத்தாம் நாள் தலை தெளிந்தது. ஆனால் கொல்லையில் மல்லாட்டை முற்றிக் கிடந்ததே! கிறுகிறுப்பை நீட்டித்தேன். கவலையில் விழுந்து கவலை தீர்ந்தவன் ஒலக்கூர்ப் பக்கத்திலேயே நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேகம் கட்டியது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை.

"இன்னிக்கு எப்படிங்க இருக்குது?"

"சுத்திக்கினே இருக்குது தையலு."

"பாவம். வெள்ளிக்கிழமை நம்மூர்ல கூத்தாம். அனந்தபுரம் ஜமா வந்து ஆடறாங்களாம். மோளச் சத்தம் உங்களுக்கு ஆகாதே!"

எனக்கு உயிர் துடித்தது. கூத்தென்றால் சோற்றை மறப்பவன் நான்.

"கொஞ்சம் தள்ளி உக்காந்தா...?"

"வேணாஞ் சாமி! நாலு நாளு வெயில்ல குனிஞ்சு நிமிந்து பாருங்க. சுத்தலைன்னா போவலாம்."

மறுநாள் காலை குனிந்தேன். குனிந்த கை சும்மா இருப்பானேன் என்று செடியைப் பிடுங்கச் சொன்னாள். நிமிர்ந்தேன், உதறச் சொன்னாள். வியாழன் சாயங்காலம் கடைசிக் கூடை வீட்டுக்குள் வந்தது; மழை கொட்டியது. அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை சலவை வேட்டியோடு வாசலில் நின்றேன்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"கூத்துக்குத்தான்!"

"எந்தக் கூத்து?"

"நீதானே சொன்னே? அனந்தபுரம் ஜமான்னு?"

தையல்நாயகி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, இல்லாததெல்லாம் காதுல கேக்குதா! இன்னிக்குப் படுத்துக்கங்க. நாளைக்குக் கேப்பைக் கொல்லையில களை எடுத்தா சரியாப்பூடும்."