தமிழ் உபவாசம்

உபவாசம் இருப்பதில் எங்கள் குடும்பத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. வெள்ளிக்கிழமை காலை முழுக்க வெறும் வயிற்றோடு ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு, மத்தியானம் அதற்கும் சேர்த்துச் சாப்பிடுகிற வம்சம். ஆனால் பேசாமல் இருப்பது மட்டும் எங்கள் ரத்தத்தில் கிடையாது. நான் தூக்கத்தில்கூடப் பேசுவேன் (பதிலும் நானே சொல்லிக்கொள்வேன்).

அப்படிப்பட்ட நான், இருபத்திரண்டு வயதில், வட இந்தியாவுக்கு மிஷனரி ஊழியத்துக்குப் போகிறேன் என்று கொடைக்கானலில் ஒரு பயிற்சி மையத்தில் போய்ச் சேர்ந்தேன். அதற்கு அப்பாவோடு மாசக்கணக்கில் சண்டை. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்தபோதும் அவர் விடவில்லை.

"ஏட்டி, கோவிச்சுக்கிடாத. ஒரு வாரம் தாங்க மாட்ட. அடுத்த ஞாயித்துக்கிழம நம்ம கோயில்லதான் உன்னையப் பாப்பேன்."

"பாப்போம்ப்பா" என்றேன். அந்த ஒரு வாரத்தை ஒப்பேற்றுவது அன்றிலிருந்து என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

மையத்தில் எங்களுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுத்தவர் எஸ்தர் அக்கா. ஜார்க்கண்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வரை தமிழ் உபவாசம். உள்ளேயும் வெளியேயும் யாரும் தமிழில் வாயைத் திறக்கக் கூடாது, அக்கா உட்பட. மீறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வருடம் வரலாம்.

வெள்ளிக்கிழமை வாக்கில் என் ஹிந்தி இவ்வளவுதான்: என் பெயர் ஜெபா. இது புத்தகம். தண்ணீர் எங்கே இருக்கிறது. எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். (எனக்கு ஒரு தம்பிகூடக் கிடையாது. பாடத்தில் அப்படித்தான் இருந்தது.)

சனிக்கிழமை காலையில் அக்கா ஆளுக்கொரு பக்கமாக எங்களை வெளியே அனுப்பினார். பாஷை தெரியாத ஊரில் போய் இறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமாம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு விழுந்தது வில்பட்டி. இங்கே இருக்கிற ஊர்தான். போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

சாதாரண ஆள் என்றால் பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறியிருப்பாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. தமிழில் எழுதியிருப்பதைப் படித்தால் உபவாசம் முறியுமா, முறியாதா? எதற்கு வம்பு என்று தலையைக் குனிந்துகொண்டு கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் "எங்கம்மா போகணும்?" என்றார். நோட்டை நீட்டிச் சிரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைசி ஊருக்கு டிக்கெட் கொடுத்தார்.

வில்பட்டி வரவே இல்லை. பூம்பாறை வந்தது, மன்னவனூர் வந்தது, கடைசியில் கவுஞ்சி வந்தது. "கடைசி ஸ்டாப்பு, எறங்குங்க" என்றார் கண்டக்டர். அதே பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். வில்பட்டிக்கு வேறு பஸ் வரும் என்று நான் இறங்கி நின்றேன். பஸ் திரும்பிப் போய்விட்டது. குளிர்காற்று ஒன்று வந்து முகத்தில் அறைந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கேரட் காட்டிலிருந்து ஏறி வந்த பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"யாரு புள்ள நீ? எந்தூரு?"

சிரித்தேன்.

"காது கேக்கலையோ?"

"கேக்குது. பஸ்ஸு ஆரன் அடிச்சப்ப திரும்புனாளே."

"அப்ப வடக்கத்திப் புள்ளதான். எவனோ ஆச காட்டிக் கூட்டியாந்து விட்டுட்டுப் போயிட்டான்."

"நெறத்தப் பாத்தா வடக்கு மாதிரித் தெரியலயே."

அத்தனையும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பதில் சொல்ல நாக்கு துடித்தது. நிறத்தைப் பற்றியாவது நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்பா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ராசாத்தியம்மா என்று ஒருவர். காட்டு வேலைக்காரர், கடைக்கு எதிர்வீடு. எதுவும் கேட்காமல் தன் ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். "மொதல்ல தேத்தண்ணி குடி" என்று தம்ளரைக் கையில் திணித்தார். அப்புறம் மற்றவர்களிடம் திரும்பி, "எங்கப்பனும் ஆத்தாளும் சிலோன்லேருந்து கப்பல்ல வந்து எறங்குனப்ப இப்பிடித்தான் முழிச்சுக்கிட்டு நின்னாங்களாம். சும்மா மொய்க்காதிய" என்றார்.

அதற்குள் யாரோ ஒரு காட்டேஜ் கட்டுமானத்திலிருந்து மங்கள் என்ற கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார்கள். அசல் ஜார்க்கண்ட்காரர். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக, அன்பாக, நீளமாக ஹிந்தியில் ஏதோ கேட்டார். கேள்வி என்று மட்டும் புரிந்தது. என்னிடம் இருந்த ஹிந்தி முழுவதையும் எடுத்துக் கொட்டினேன். பெயர், புத்தகம், தண்ணீர், இரண்டு தம்பிகள்.

மங்கள் யோசித்தார். பிறகு எழுந்து, சுத்தமான மலைத்தமிழில் சொன்னார். "இது ஹிந்தி இல்லக்கா. நேபாளியா இருக்கும். பாவம், தம்பிங்க ரெண்டு பேரையும் தொலைச்சுட்டாங்க போல. தண்ணி கேக்குறாங்க."

தண்ணீர் வந்தது. இல்லாத என் தம்பிகளைத் தேட இரண்டு பேர் மன்னவனூர்ப் பக்கம் பைக்கில் போனார்கள்.

டீக்கடைக்காரர், "போலீசுக்குச் சொல்லிருவம், நமக்கெதுக்கு" என்றார். போலீஸ் என்றால் மையம். மையம் என்றால் பெட்டி. பெட்டி என்றால் ஞாயிற்றுக்கிழமை, கோயில், அப்பா.

"பொட்டப்புள்ளயப் போயி டேசன்ல உக்கார வைப்பியளா? அவங்க ஆளு தேடி வர்ற மட்டும் எங்கூட இருக்கட்டும்" என்றார் ராசாத்தியம்மா.

வீட்டுக்குள் போய்ப் பழனித் திருநீறு எடுத்து வந்தார். என் நெற்றியில் பூசி, என் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"முருகா, யாரு பெத்த புள்ளயோ. ஊரு சொல்ல வாயில்லாம வந்து நிக்குது. பெத்தவங்க வயிறு எரியாம இது வீடு போயிச் சேரணும். வர்ற தைப்பூசத்துக்கு நான் நடந்தே வாரேன்."

அந்த வாரம் முழுக்க என்னை யாரும் இப்படித் தொட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. நானும் கண்ணை மூடியிருந்தேன். தலையில் ஒரு கை, காதில் ஒரு ஜெபம். நினைவு தெரிந்த நாளாய்ப் பழகின பழக்கம் வேறு எங்கே போகும்? மனதார, உரக்கச் சொன்னேன்.

"ஆமென்."

அடுப்பில் பால் பொங்கியதை யாரும் பார்க்கவில்லை.

"அட, ஏசுசாமி கும்புடுற வேதக்காரப் புள்ளயால்ல இருக்கு" என்றார் ஒருவர்.

ராசாத்தியம்மா முகம் சுண்டிவிட்டது. "ஐயோ, தெரியாமப் பூசிட்டனே தாயி. உங்க ஆளுங்க வைஞ்சிருவாங்களோ?" என்று முந்தானையால் என் நெற்றியைத் துடைக்க வந்தார்.

இதுவரை பேசாமல் இருந்தேன். இதற்கு மேல் பேசாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடைக்காதீங்கம்மா. இருக்கட்டும்."

அடுத்து நடந்தது அர்ச்சனை. "அடி சண்டாளி, தமிழா பேசுற!" என்று ஆரம்பித்தார் ராசாத்தியம்மா. மங்களுக்குத்தான் ரொம்ப வருத்தம். தான் பேசியது நல்ல ஹிந்திதான் என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். பைக்கில் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "வீட்டுக்கா அனுப்பிருவாக? நான் வந்து கேக்குறேன் வா" என்று ராசாத்தியம்மா அடுத்த பஸ்ஸில் என்னோடு ஏறிவிட்டார்.

எஸ்தர் அக்கா வாசலிலேயே நின்றார். என் நெற்றியைப் பார்த்தார். ராசாத்தியம்மா விலாவாரியாக என் தமிழ் உட்பட எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார் (காப்பாற்றத்தான் வந்தார்). அக்கா என்னைத் திட்டினார். நிறுத்தாமல் திட்டினார். முழுக்க ஹிந்தியில்.

"என்னம்மா சொல்றாக?" என்று ராசாத்தியம்மா என் காதில் கேட்டார்.

"தெரியலம்மா."

அக்கா மூச்சு வாங்க நிறுத்தினார். ராசாத்தியம்மா வாசலில் நின்றபடியே, ஸ்வெட்டர் இல்லாமல், குளிரில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் இன்னும் ஆகவில்லை. பெருமூச்சு விட்டார்.

"உள்ள வாங்கம்மா. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

தமிழில்.

அதற்குப் பிறகு என்னை எப்படி வீட்டுக்கு அனுப்ப முடியும்? அனுப்பினால் இரண்டு பெட்டிகள் அல்லவா கட்ட வேண்டும்? மூன்று பேரும் ரசம் சோறு சாப்பிட்டோம். அடுத்த திங்கட்கிழமை அக்காவும் நானும் உபவாசத்தை முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

நான் ஜார்க்கண்டுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ராசாத்தியம்மா அந்தத் தைப்பூசத்துக்குச் சொன்னபடியே பழனிக்கு நடந்தார். சேதி கேட்ட அப்பா, நம் பிள்ளைக்காக ஒரு பெண்பிள்ளை மலையிறங்கி நடக்கிறாளே என்று மனசு கேட்காமல், தான் சபையில் டீக்கன் என்றும் பாராமல், பழனி வரைக்கும் போய்ப் பஸ் ஸ்டாண்டில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு காத்திருந்தார்.

அதற்காக அவர் என்னைச் சும்மா விடுகிறாரா? நான் லீவுக்கு வரும்போதெல்லாம் குடும்ப ஜெபத்தை அப்பாதான் நடத்துவார். முடித்ததும் எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்.

"தைரியமாச் சொல்லுட்டி. இது நம்ம சாமிக்குத்தான்."