கத்தி பிடிக்கிற கை

“கையை ஆட்டாம நீட்டுங்க,” என்றார் கைபேசிக்குள் இருந்த நரம்பு டாக்டர்.

“நீட்டிக்கிட்டுதான் டாக்டர் இருக்கேன்,” என்றார் சலூன்காரர்.

கொஞ்ச நாளாகவே வீட்டில் இதே பேச்சுதான். காலையில் மனைவி காபி டம்ளரை நீட்டுவார், இவர் வாங்குவார், பாதி சட்டையில் கொட்டும். “உங்களுக்குக் கை நடுங்குது. யார் காதையாவது அறுத்து வைக்கிறதுக்குள்ள டாக்டரைப் பாருங்க” என்று அந்த அம்மாள் ஒற்றைக் காலில் நின்றார். நேரில் பார்க்க முடியாத பெரிய டாக்டர், வீடியோவில்தான் கிடைத்தார். “நீங்க பிடிச்சா படம் ஆடும்” என்று கைபேசியையும் மனைவியே வாங்கிக்கொண்டார்.

“நல்லாவே நடுங்குதே,” என்றார் டாக்டர்.

சலூன்காரர் தன் கையைப் பார்த்தார். ஆணி அடித்த மாதிரி நின்றது. “எனக்கு ஆடுற மாதிரியே தெரியலையே?”

“கண்ணும் போச்சா? அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க,” என்றார் மனைவி.

“கண்ணுமா?” டாக்டர் குறித்துக்கொண்டார். “அம்மா, கையைக் கிட்டக்க காட்டுங்க. இன்னும் பெருசா.”

மனைவி படத்தைப் பெரிதாக்கினார். திரையில் ஐந்து விரலும் துள்ளிக் குதித்தன. டாக்டரின் முகம் இருண்டது.

சலூன்காரர் பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டார்.

“முகம் வேற சிவக்குது. பிரஷர் உண்டா?”

“இப்பதான் டாக்டர் வருது!”

“இனிமே கத்தியைத் தொடாதீங்க. கடையை வேற ஆள்கிட்ட விட்டுடுங்க.”

சலூன்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்று காலைகூட ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரம் செய்து அனுப்பியிருந்தார். ஒரு கீறல் இல்லை. அதெல்லாம் வெறும் அதிர்ஷ்டமா? கத்தியை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

“கடைக்குப் போகாம இவரு என்ன பண்ணுவாரு டாக்டர்? வீட்ல உட்கார்ந்து என் உசிரை வாங்குவாரே!” மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

“அழாதீங்கம்மா. கடைசியா நடையையும் பார்த்துடுவோம். நீங்க பின்னால தள்ளி நில்லுங்க, ஆள் முழுசா தெரியட்டும்.”

மனைவி வாசல்வரை போய் நின்றார். கூடம் முழுவதும் திரைக்குள் வந்தது. சலூன்காரர் பரீட்சைக்குப் போகிறவர்போல அடிமேல் அடி வைத்து நடந்தார். டாக்டர் அவர் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மருந்துச் சீட்டை நீட்ட வந்த ஆஸ்பத்திரி நர்ஸ் திரையை எட்டிப் பார்த்தார்.

“டாக்டர், அவர் மட்டும் இல்ல, பின்னாடி இருக்கிற பீரோவும் நடுங்குது. ஃபோனைப் பிடிச்சிருக்கிற அம்மா பேருக்கு டோக்கனை மாத்திடட்டுமா?”