ஆயிரம் நாள் விழாத கம்பம்

நியூட்டனின் விதிகளைப் படித்தவர்கள் உலகில் பல கோடிப் பேர். அவற்றை அரசாணைக்குச் சமமாக மதித்து, எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும் அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அது கடலூரில் இருக்கிறது. பெயர், 'கரையோரக் கம்பங்கள் நிலைநிறுத்தக் கோட்டம்'. அதில் நான் பதினேழு ஆண்டுகளாக உதவியாளர். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பெருமை முழுவதும் எங்கள் கோட்ட அலுவலர் செம்பியன் அவர்களையே சேரும். முன்பெல்லாம் கோப்பு வந்தால், "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லும் சாதாரண அதிகாரியாகத்தான் அவரும் இருந்தார். பிச்சாவரத்தில் நடந்த 'அறிவியல் வழி நிர்வாகம்' என்ற மூன்று நாள் பயிற்சிக்குப் போய், படகு சவாரி முடித்து, இறால் வறுவல் சாப்பிட்டுத் திரும்பியவர் ஆளே மாறிவிட்டார். இப்போது கோப்பு வந்தால், "இதனுடைய நிலைமத்தைக் கலைக்காதீங்க" என்கிறார். கோப்பு அன்றும் நகரவில்லை, இன்றும் நகரவில்லை. ஆனால் இன்று அதற்குக் காரணம் இருக்கிறது.

உராய்வு இல்லாத பரப்பில் ஒரு பொருளைத் தள்ளிவிட்டால் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். கோப்பு அப்படி ஓடி ஒருநாள் முடிந்தே போய்விட்டால் அலுவலகத்தின் கதி என்ன என்று கவலைப்பட்ட செம்பியன், மேசைக்கு மேசை 'உராய்வு' வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். மூன்று கையெழுத்தில் முடிந்த வேலைக்கு ஏழு கையெழுத்து ஆனது. மதியத் தூக்கம் 'நிலையாற்றல் சேமிப்பு' என்று பதிவேட்டில் ஏறியது. அடக்கத்தோடு சொல்கிறேன், கோட்டத்திலேயே அதிகம் சேமித்தவன் நான்தான்.

இத்தகைய அலுவலகத்துக்கும் ஒரு சோதனை வந்தது. அதன் பெயர் வியாகுலமேரி.

தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இட்லிக்கடை வைத்திருப்பவர் அவர். முன்னால் கடை, பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. வீட்டுக்குக் கிழக்கே எங்கள் கோட்டத்துக்குச் சொந்தமான சிமென்ட் விளக்குக் கம்பம் ஒன்று உண்டு. மின்கம்பிகள் பூமிக்கடியில் போய்விட்டதால் அதற்கு வேலை எதுவும் இல்லை. அந்த வகையில் அது எங்களில் ஒருவர். ஒரு புயலில் சாய்ந்து, வியாகுலமேரியின் கூரை விளிம்பில் போய்ச் சாய்ந்துகொண்டது. விளிம்புக்கு நேர் கீழே அவர் மகள் நித்யா மேரி உட்கார்ந்து பள்ளிப் பாடம் படிக்கிற மேசை. மேசையை வேறு பக்கம் போட அந்த அறையில் இடம் கிடையாது.

திங்கட்கிழமைதோறும் வியாகுலமேரி மனுவோடு வருவார். முதல் மனுவை வாங்கிய அன்று நடந்த பேச்சை அலுவலகக் குறிப்பில் அப்படியே ஏற்றியிருக்கிறேன்.

"சார், கம்பம் வுழுவுற மாதிரி இருக்குது. கீழ பொண்ணு ஒக்காந்து படிக்குது சார்."

"விழுந்துடுச்சாம்மா?"

"இன்னும் வுழுவுல."

"அப்ப அது ஓய்வு நிலையில இருக்கு. வெளி விசை ஒண்ணு வந்து படுற வரைக்கும் ஓய்வுல இருக்கிறது ஓய்வுலதான் இருக்கும். தைரியமா போங்க."

ஆபத்து என்பதற்கு இவ்வளவு மலிவான நிவாரணத்தை வேறு எந்தத் துறையும் வழங்கியதில்லை. அந்த அம்மாள் என்னவோ மறு திங்களும் வந்தார்.

அவருடைய கணவரின் தம்பி செபாஸ்டின், தேவனாம்பட்டினத்தில் படகுக்காரர். கயிறும் பத்து ஆளும் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கம்பத்தைப் பத்திரமாக இறக்கிப் படுக்க வைத்துவிடுகிறோம், அனுமதி மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். கம்பம் அசையாச் சொத்துப் பட்டியலில் இருப்பதையும், அதை அசைத்தால் வழக்கு வரும் என்பதையும் நான் எழுத்துமூலம் தெரிவித்தேன்.

மனுக்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியதும், செம்பியன் சிதம்பரத்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். கொளஞ்சியப்பன் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். வந்தவர் கொத்தனார் ஒருவரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கித் தொங்கவிட்டு, கம்பம் பதினொரு டிகிரி சாய்ந்திருப்பதைக் கண்டார். பிறகு வியாகுலமேரி கடையில் ஆறு இட்லி சாப்பிட்டார். அறுபத்து மூன்று பக்க அறிக்கையில் அதற்கும் 'ஆற்றல் உள்ளீடு' என்று ஒரு பக்கம் இருந்தது.

அறிக்கையின் சாரம் இது. கம்பம் வீட்டைத் தள்ளுகிறது. மூன்றாம் விதிப்படி வீடும் அதே விசையோடு கம்பத்தைத் தள்ளுகிறது. ஆகவே இதில் யார் குற்றவாளி என்று சொல்ல முடியாது. கம்பம் மனு கொடுக்காமல் இருப்பது அதன் பெருந்தன்மை. மேலும், சமநிலை கெடாமல் இருக்க வீடு இப்போதுள்ளபடியே இருக்க வேண்டும். கூரை மாற்றக் கூடாது. குடியிருப்போரும் அதே எடையோடு உள்ளேயே இருப்பது நல்லது.

"அப்ப நாங்கதான் கம்பத்தத் தாங்கிக்கினு இருக்கணுமா?" என்று வியாகுலமேரி கேட்டார். ஆம் என்றும், இது ஒரு பொதுச்சேவை என்றும் பேராசிரியர் விளக்கினார்.

கம்பம் சாய்ந்தும் விழாமல் ஆயிரம் நாள் நிறைவடைந்தது. இந்தச் சாதனையைக் கொண்டாட வேண்டும் என்ற யோசனை என்னுடையது. 'ஆயிரம் நாள் நிலைத்தன்மை விழா' என்ற பெயரும் என்னுடையதே. இருபதடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு பிளக்ஸ் பேனர் அடித்து, சவுக்குக் கழியில் சட்டம் கட்டினோம். அதில் செம்பியனின் சிரித்த முகம், பக்கத்தில் நியூட்டன், இருவருக்கும் கீழே சிறியதாக நான். சாலையின் எதிர்ப்பக்கம் கட்டலாம் என்றார்கள். விழா நாயகனான கம்பத்திலேயே கட்டுவதுதான் முறை என்று நான் பிடிவாதம் பிடித்தேன். காலை பத்து மணிக்கு ஏணியில் ஏறி, ஆறு முடிச்சையும் என் கையாலேயே இறுக்கினேன். பேனர் கடலைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

செபாஸ்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சார், பாய் கட்டிட்டீங்க."

"இது பேனர்" என்றேன்.

"காத்துக்கு அது தெரியாது சார். பன்னெண்டுக்கு மேல கடக்காத்து ஏறும். இம்மாம் பெரிய பாயி, கம்பத்த அப்படியே சாச்சுடும். அவுத்துடுங்க."

பாய் என்பது படகில் கட்டப்படுவது, கம்பம் படகு அல்ல என்று அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். "அண்ணி, பொண்ண கூட்டிக்கினு வெளிய வந்துடுங்க" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார். வியாகுலமேரி மகளையும் அவள் புத்தகங்களையும் இட்லிப் பானையையும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார். விழாவுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சிரித்தேன்.

ஒரு மணிக்குச் செம்பியன் நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவது பற்றிப் பேச ஆரம்பித்தார். பேனர் புடைத்தது. நியூட்டனின் கன்னம் உப்பியது. கம்பம் ஒருமுறை முனகிவிட்டு, கூரையைப் பிளந்துகொண்டு மேசை வரைக்கும் போனது. மேசை இரண்டாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, அந்த நேரத்தில் அந்தப் பெண் வழக்கமாக அங்கேதான் இருப்பாள். அன்று நான் சேமித்து வைத்திருந்த ஆற்றல் எதுவும் உதவவில்லை.

மறுநாளே விசாரணை தொடங்கியது. எங்கள் கோட்டம் இவ்வளவு வேகமாக இயங்கி நான் பார்த்ததில்லை. ஓய்விலிருந்த பொருள் நகர்ந்திருக்கிறது, ஆகவே வெளி விசை ஒன்று செயல்பட்டிருக்கிறது, அது யார்? அதற்கென்றே படிவம் அச்சடித்தோம். பேனரைப் பற்றி யாரோ முணுமுணுத்தார்கள். பேனர் கோட்டத்துடையது, கோட்டத்துக்குள் இருப்பது எப்படி வெளி விசையாகும் என்று செம்பியன் கேட்டார். பேராசிரியரும் சிதம்பரத்திலிருந்து தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். மிச்சமிருந்த ஒரே மாற்றம், இரண்டு பேர் வீட்டை விட்டு வெளியே வந்ததுதான். அவர்கள் எடை குறைந்ததும் சமநிலை குலைந்தது. வியாகுலமேரி கையெழுத்துப் போட அழைக்கப்பட்டார்.

அவர் செம்பியனைப் பார்த்துக் கேட்டார். "நாங்க உள்ளயே இருந்திருந்தா?"

"கம்பம் விழுந்திருக்காதும்மா."

வியாகுலமேரி அவரிடமிருந்து திரும்பினார். என் மேசைக்கு வந்து படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். 'பொருளை நகர்த்திய வெளி விசையின் பெயர்' என்ற இடம் இன்னும் காலியாக இருந்தது. அவர் பெயரை எழுதத்தான் நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"மூணு வருசமா வர்றேன், உங்க பேரக் கேட்டதே இல்ல. பேரு இன்னா சார்?"

பொதுமக்களில் ஒருவர் என் பெயரை விசாரித்தது அதுவே முதல் தடவை. தலைப்பெழுத்தோடு முழுப்பெயரையும் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக் கேட்டு, அந்தக் காலி இடத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

வழக்கம்போல் பிழை திருத்த உட்கார்ந்தேன். திருத்த ஒன்றும் இல்லை. எங்கள் கோட்டத்தின் வரலாற்றில் முழுக்கச் சரியாக நிரப்பப்பட்ட படிவம் அது ஒன்றுதான்.